யாழுறுப்பும் கணினியுறுப்பும்

ஒரு பொருளை முழுமையாகக் கண்டு மகிழ்தல் வேறு. அதன் உறுப்புக்களை ஒவ்வொன்றாகத் தெரிந்து, ஒன்றோடொன்று இயையக் கூட்டி, அம்முழுமையை ஆக்கிக்கொள்ளுதல் வேறு. முன்னையதற்குப் பொருள் இருந்தாற் போதும். பின்னையதற்கு அறிவு வேண்டும். தொல்காப்பியர் செய்யுளை இலக்கணப்படுத்தப் புகுந்தபோது, மாத்திரை முதலாக 34 உறுப்புக்களை எண்ணிக் காட்டினார். அவ்வுறுப்புக்களுள் ஒன்று எத்துணைச் சிறந்ததாயினும், ஏனையவற்றோடு இயையாவிடின் செய்யுள் சிறவாது. இவ்வுண்மை செய்யுளுக்கு மட்டுமன்று, மனிதன் செய்யும் கருவிகள் யாவற்றுக்கும் பொருந்தும்.

அண்மையில் மேசைக்கணினி ஒன்றினை, கடையிற் செய்துவைத்தபடியே வாங்காது, உறுப்புறுப்பாகத் தெரிந்து அமைப்பித்துக்கொண்டேன். ஐம்பது அகவை கடந்த தமிழ்ப் பண்டிதனுக்கு இவ்வேலை எதற்கு என்று வினவிய அன்பர் பலர். “அதனைக் கணினி கற்றவரிடம் விட்டுவிடலாமே” என்றார் சிலர். அவர்தமக்குக் கூறிய விடையை ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் பயன்படுமாறு சிறிது விரித்து ஈண்டு எழுதுகின்றேன்.

காரைதீவு காட்டும் வழி

கல்முனையிலிருந்து கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் சாய்ந்தமருதைக் கடந்ததும் காரைதீவை அடைவர். 1892ஆம் ஆண்டு சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர் அது. அவர் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விற் சித்தியெய்தியவர். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். தமிழையும் விஞ்ஞானத்தையும் அவர் இரு வேறு வீடுகளிற் குடிவைத்தாரல்லர்.

பண்டைத் தமிழரின் யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னர், அதன் வடிவையும் இசையையும் நூற்சான்று கொண்டும் கணிதங் கொண்டும் ஆராய்ந்து அவர் எழுதிய ‘யாழ் நூல்’ 1947ஆம் ஆண்டு அரங்கேறியது. அந்நூலுள் ஓர் இயலுக்கு ‘யாழுறுப்பியல்’ என்பது பெயர். பத்தர் எத்தகையது, கோடு எவ்வாறு அமைவது, போர்வையும் ஆணியும் திவவும் எங்கே நிற்பன என்பவற்றை ஆராயாமல், நரம்பிற் பிறக்கும் இசையை மட்டும் பேசினால் யாழை அறிந்ததாகாது என்பது அவர் துணிபு. பொருநராற்றுப்படை பாடிய புலவரும் யாழினை உறுப்புறுப்பாகவே வருணித்துச் சென்றார்.

ஆகவே, தாம் கையாளும் கருவியின் உறுப்பை அறிதல் தமிழ்ப் புலமைக்குப் புறம்பான செயலன்று. ஏட்டுக்காலத்துப் புலவர் ஓலையின் பதமும் எழுத்தாணியின் கூரும் அறிந்திருந்தனர். நம் காலத்து எழுத்தாணி கணினி. அதனை அறியோமாயின், கொடுத்ததைப் பெற்றுக்கொள்ளும் வாங்குவோராகவே நாம் நிற்போம்.

உறுப்புக்கள் தனித்தனியே கிடைப்பது எவ்வாறு?

ஒரு நிறுவனத்தின் செயலியும் வேறொரு நிறுவனத்தின் பலகையும் மூன்றாவது நிறுவனத்தின் நினைவகமும் ஒன்றாய்க் கூடி இயங்குவது வியப்பன்றோ? இவ்வியப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1981 ஓகஸ்ட் 12ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. விரைந்து முடிக்க விரும்பிய அந்நிறுவனம், இன்டெல் நிறுவனத்தின் 8088 செயலி முதலான உறுப்புக்களை வெளியிலிருந்து பெற்றது. கணினியின் சுற்றுவரைபடங்களையும் நூலாக அச்சிட்டு விற்றது. அதனைக் கற்ற பிறர், அதனோடு இயையும் கணினிகளையும் உறுப்புக்களையும் ஆக்கத் தலைப்பட்டனர். பின்னர் 1995இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறை, பலகையின் நீள அகலத்தையும் திருகாணித் துளைகளின் இடத்தையும் வரையறுத்தது. எங்கோ செய்த பலகை, வேறெங்கோ செய்த பேழையினுள் இன்று பிசகாமல் அமர்வது இத்தகைய பொது இலக்கணத்தினாலேயாம்.

எதற்காக இக்கணினி?

உறுப்பைத் தெரியுமுன் தொழிலைத் தெளிதல் வேண்டும். என்னிடம் 40 குறிப்பேடுகள் உள்ளன. கல்முனை, மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறை முதலிய ஊர்களில் முதியோர் வாய்மொழியாகப் பாடக் கேட்டு, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதிவைத்த கவிகளும் தாலாட்டுக்களும் பொல்லடிப் பாட்டுக்களும் அவற்றுள் அடங்கும். பாடித்தந்தோருட் பெரும்பாலோர் இன்று இல்லை.

என்னைப் போலவே பாடல் தொகுத்த நண்பர் ஒருவர் கடற்கரையை அடுத்துக் குடியிருந்தார். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் காலை கடல் எழுந்தபோது அவர் உயிர் தப்பினார். அவருடைய ஏடுகள் தப்பவில்லை. அவற்றுக்கு வேறு படி இல்லை. அவர் மீண்டும் எழுதலாமென எண்ணி ஊர்களைத் தேடிச் சென்றபோது, பாடித்தந்த மூதாட்டியருட் சிலர் அவ்வலையோடு போயிருந்தனர். எஞ்சியோருட் சிலர் பாட்டை மறந்திருந்தனர். ஒரே படியாக உள்ள எழுத்து எத்துணை அருமையானதோ அத்துணை ஆபத்தில் உள்ளது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது அழிந்தவற்றுள் வேறெங்கும் கிடையாத ஏடுகளும் இருந்தமையை நாம் அறிவோம்.

ஆகவே, என் கணினி செய்யவேண்டிய தொழில் மூன்று: குறிப்பேடுகளின் பக்கங்களைப் படமாக வருடிச் சேர்த்தல், அவற்றைத் தமிழில் தட்டெழுதிப் பக்கம் அமைத்தல், சேர்த்தவற்றைப் பல படியாகக் காத்தல். இத்தொழில்களுக்கு இடம் எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டேன். ஏ-4 அளவுப் பக்கமொன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வண்ணத்தில் வருடினால், அகலத்தில் 2480 புள்ளியும் உயரத்தில் 3508 புள்ளியும் அமையும். புள்ளியொன்றுக்கு மூன்று பைட் எனக் கொள்ள, சுருக்காத நிலையில் ஒரு பக்கம் ஏறக்குறைய 26 மெகாபைட். ஏடொன்றுக்கு 160 பக்கமாக 40 ஏடுகளுக்கு 6400 பக்கங்கள்; அவை 167 கிகாபைட் அளவில் வரும்.

அவ்வளவையும் எழுத்தாகத் தட்டினாலோ? யூனிக்கோட்டின் யு.டி.எப்.-8 முறையில் ‘தமிழ்’ என்னும் சொல் ஐந்து குறியீடுகளாய் நின்று, குறியீட்டுக்கு மூன்றாக 15 பைட் கொள்ளும். பக்கத்துக்கு 1500 குறியீடெனக் கொண்டாலும் 6400 பக்கமும் சேர்ந்து 30 மெகாபைட்டைத் தாண்டா. அஃதாவது, நாற்பது ஏடுகளின் எழுத்து முழுவதும், ஒரே பக்கத்தின் படம் கொள்ளும் இடத்தில் ஏறக்குறைய அடங்கிவிடும்! இக்கணக்கைக் கண்ட பின்னரே கடைக்குச் சென்றேன்.

கடையிற் கண்டது

என்னோடு வந்தவர் என் பழைய மாணாக்கர் ஒருவர். கணினிப் பொறியியல் கற்றவர். கடைக்காரர் கண்ணாடிப் பேழையொன்றைக் காட்டினார். உள்ளே பலநிற விளக்குகள் சுழன்று மின்னின. ஆற்றல் மிக்க வரைகலை அட்டை ஒன்றும் அதனுள் இருந்தது.

“சேர், இப்பொழுது எல்லோரும் இதைத்தான் எடுக்கிறார்கள்” என்றார்.

“எல்லோரும் செய்யும் வேலையை நான் செய்யப்போவதில்லையே, தம்பி” என்றேன்.

வரைகலை அட்டை இழிந்த பொருளன்று. விளையாட்டுக்கும் அசைபடத் தொகுப்புக்கும் அஃது இன்றியமையாதது. எழுத்துப் பணிக்கு அது வேண்டியதில்லை. செயலியினுள்ளேயே அமைந்த வரைகலைப் பகுதி போதும். 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியதை நம் நாட்டார் மறந்திலர். உறுப்புக்கள் யாவும் பிறநாட்டிலிருந்து வருவன. ஆசிரியர் ஊதியத்தில் வேண்டாத உறுப்புக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவும், வேண்டிய உறுப்பிலிருந்து பறித்துக் கொடுக்கப்படுவதே.

பழைய கணினியொன்றை மலிவாக வாங்கலாமே என்ற எண்ணமும் எழுந்தது. 2025 ஒக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொதுவான ஆதரவு முடிவுற்றது. பழைய செயலிகள் பலவற்றை அதன் அடுத்த பதிப்பு ஏற்பதில்லை. கட்டணமற்ற லினக்ஸ் இயங்குதளத்தை இடுவோர் பழையதையும் பயன்கொள்ளலாம். பாடசாலைகளுக்கு அது நல்வழியே. நீண்டகாலம் நிற்கவேண்டிய பணி எனதாதலின், புதியதே கொண்டேன்.

ஈற்றெழுத்தின் இலக்கணம்

செயலியை எம் பாடநூல்கள் முறைவழியாக்கி என்னும். கடையில் ‘பிரொசசர்’ என்றே கேட்டல் வேண்டும். நான் தெரிந்தது 2022 ஜனவரியில் வெளிவந்த இன்டெல் ஐ3-12100 என்னும் நான்கு கருச் செயலி. தட்டெழுத்துக்கும் பக்க அமைப்புக்கும் அஃது அமையும். கடையில் அதே எண்ணோடு ‘எப்’ என்னும் ஈற்றெழுத்துப் பெற்ற இன்னொன்றும் இருந்தது, விலையுங் குறைவு. அவ்வோரெழுத்து, உள்ளமைந்த வரைகலைப் பகுதி இல்லை என்பதைக் குறிப்பது. அதனை வாங்கித் தனி அட்டை இடாவிடின் திரையில் ஒன்றுந் தோன்றாது. விகுதி மாறினாற் பொருள் மாறும் என்பதை வகுப்பறையில் நாள்தோறும் கூறும் ஆசிரியர்க்கு இதனை விளங்கிக்கொள்ளுதல் அரிதன்று.

அடுத்தது தாய்ப்பலகை. செயலி அமரும் பீடம் இதில் உள்ளது. நான் தெரிந்த செயலி 1700 தொடுமுனைகள் கொண்ட பீடத்தில் அமர்வது, ஏ.எம்.டி. நிறுவனத்தாரின் செயலிகளுக்குப் பீடம் வேறு. மருதமுனையில் நெசவாளர் ஒருவரோடு உரையாடியபோது, “நூலின் பருமன் அறியாமல் தறியைப் பூட்டலாமா?” என்று அவர் கேட்டது நினைவுக்கு வந்தது. செயலியும் பலகையும் அவ்வாறே ஒருங்கு தெரியப்படல் வேண்டும்.

நினைவகத்திலும் இத்தகைய பொருத்தம் உண்டு. நான்காம் தலைமுறை நினைவகமும் ஐந்தாம் தலைமுறை நினைவகமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பன. இரண்டிலும் 288 தொடுமுனைகளே. எனினும், இடைவெட்டு வேறிடத்தில் இருத்தலால் ஒன்றன் இடத்தில் மற்றொன்று புகாது. நான் கொண்ட பலகை நான்காம் தலைமுறைக்குரியது. 8 கிகாபைட் துண்டுகள் இரண்டு இட்டேன. ஒரே துண்டாக 16 இடுவதினும் இரண்டாக இடுதல் நன்று. செயலி இரு வழியாலும் ஒருங்கே தரவை எடுக்கும். தட்டெழுதுவதற்கு மட்டுமாயின் 8 போதும். வருடிய பெரும்படங்களைத் திறந்துவைத்துக்கொண்டே பக்கம் அமைப்பதற்காகவே 16 கொண்டேன்.

உவர்க்காற்றும் மின்வெட்டும்

நிற்க. கொழும்பிலோ கண்டியிலோ உள்ளவர்க்குக் கூறும் இலக்கணம் எமக்கு முழுதும் பொருந்தாது. எம் வீடுகளில் உவர்க்காற்று நாள் முழுதும் வீசுகின்றது. சாளரக் கம்பியைத் தின்னும் அவ்வுவர் பலகையின் தொடுமுனைகளையும் தின்னும். ஆகவே, கண்ணாடிப் பேழையை விடுத்து, தூசு வடிகட்டி உள்ள எளிய இரும்புப் பேழையைத் தெரிந்தேன். அதனைக் கடல்நோக்கிய சாளரத்தின் அருகே வையாது உட்சுவர் ஓரம் வைத்தேன். வேலை இல்லாத நாளிலும் சிறிது நேரம் இயக்கினால், உள்ளெழும் வெப்பம் ஈரத்தைப் போக்கும்.

மின்வழங்கியே பலரும் புறக்கணிக்கும் உறுப்பு. அதனைக் கண்டு வியப்பார் எவருமிலர். ஆயினும் அது கெட்டால் ஏனைய உறுப்புக்களையும் கெடுத்துவிடும். என் செயலி மிகுதியாகக் கொள்வது 89 வாற்று. ஏனையவற்றையும் கூட்டினால் 150 வாற்றைத் தாண்டாது. ஆதலின் 450 வாற்று மின்வழங்கி தாராளம். ஆற்றலை மிகுதியாகக் கேளாமல் தரத்தைக் கேட்டேன். ‘80 பிளஸ்’ என்னும் சான்று பெற்றதையே கொண்டேன். 2022 மார்ச் மாத இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. அத்தகைய நாட்கள் நீங்கினாலும், மழைக்காலத்தில் மின் வந்து வந்து போதல் எம் பகுதியில் வழக்கமே. யு.பி.எஸ். ஒன்று இருந்தால் எழுதியதைச் சேமித்துக் கணினியை முறைப்படி நிறுத்தச் சில நிமிடங்கள் கிடைக்கும். சுவர்ச் செருகியில் நிலத்தொடுப்பு உண்டா என்பதை மின்வினைஞரைக் கொண்டு பார்ப்பித்தேன். பட்டியலில் இடம்பெறாத உறுப்பு அதுவேயாகும்.

எழுத்து வாழும் இடம்

சேமிப்பகமே என் நோக்கில் தலையாய உறுப்பு. இயங்குதளத்துக்கும் அன்றாட வேலைக்கும் 500 கிகாபைட் திண்மநிலை வட்டு. படங்களைச் சேர்த்துவைக்க 2 டெராபைட் வன்றட்டு. முன்னையதில் சுழலும் பகுதி இல்லை, விரைவு மிக்கது. ஆயினும், மின்னேற்றத்தால் எழுத்தைக் காப்பதாதலின், ஆண்டுக்கணக்கில் இயக்காது பூட்டிவைத்தால் எழுத்தை இழக்கக்கூடும். பின்னையது மெதுவானது, அதிர்ச்சி தாங்காது, இடத்துக்கு விலை குறைவு. ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்கின்றது.

இவ்விரண்டும் ஒரே பேழையில் இருத்தலால், கடலுக்கும் கள்வர்க்கும் தீக்கும் அவை ஒன்றே. ஆகவே வெளிவட்டு ஒன்றும் வாங்கினேன். மூன்று படி, இரு வகைக் கருவி, ஒன்று வேற்றூரில் என்பது அறிந்தோர் கூறும் விதி. திங்கள்தோறும் புதுப்பித்த வெளிவட்டு, கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் சம்மாந்துறையில் உறவினர் வீட்டில் இருக்கின்றது. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது, அந்நூலின் ஏடுகள் பல வீடுகளிற் பல படிகளாக வாழ்ந்தமையால் அன்றோ? அக்காலத்தில் படியெடுப்போர் செய்த அறத்தை நாமும் செய்வோம்.

இன்னொரு காவலும் உண்டு. எம் நாட்டில் பல்லாண்டு காலம் பாமினி முதலிய எழுத்துருக்களிலே தட்டச்சு நடந்தது. அவை ஆங்கில எழுத்தின் இடத்திலே தமிழ் வடிவை ஏற்றியவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற உரோம எழுத்துக்களே தோன்றும். 1991ஆம் ஆண்டு வெளிவந்த யூனிக்கோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கெனத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. அம்முறையில் எழுதியதை உலகின் எக்கணினியும் தமிழாகவே அறியும். வட்டு எத்துணை உறுதியானதாயினும், எழுத்துமுறை அழிந்தால் எழுத்தும் அழிந்ததேயாம்.

வரைகலை அட்டையில் மீந்த பொருளிலே 24 அங்குலத் திரை ஒன்று கொண்டேன். மெய்யெழுத்தின் புள்ளி தெளிவாகத் தோன்றாத திரை, பதிப்பாசிரியனுக்குப் பகையன்றோ?

ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும்

ஆசிரிய அன்பர்களே, உங்கள் ஊரிலும் இத்தகைய குறிப்பேடுகள் இருக்கும். பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய சஞ்சிகைகள், அச்சேறாத நாடகங்கள், பாட்டியர் நினைவில் மட்டும் வாழும் பாடல்கள் ஆகியவற்றைக் காக்கும் கருவியைத் தெரிவதற்கு நீங்களே உரியவர்கள். ஏனெனில் எதைக் காக்கவேண்டும் என்பதை அறிந்தவர்கள் நீங்கள். தொழிலை முதலில் எழுதுங்கள், கணக்கிடுங்கள், பின்னர் உறுப்புக்களைத் தெரியுங்கள்.

மாணாக்கர்களே, பாடசாலைக் கணினியின் பேழையை ஆசிரியர் முன்னிலையில் ஒருமுறையேனும் திறந்து பாருங்கள். மின்னிணைப்பை நீக்கிவிட்டுத் திறத்தல் வேண்டும். உள்ளே இருப்பன மந்திரமல்ல. பெயரும் தொழிலும் பொருத்தமும் உடைய உறுப்புக்களே. யாழின் உறுப்பை ஆராய்ந்தவர் பிறந்த மண்ணில் வாழும் நாம், கணினியின் உறுப்பைக் கண்டு அஞ்சுதல் அழகன்று.

கணினி இயங்கத் தொடங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. முதல் ஏட்டினை வருடி, தட்டெழுதி, ஒப்புநோக்கி முடித்தேன். அதன் ஒரு படி சம்மாந்துறைக்குச் சென்றுவிட்டது. இன்னும் 39 ஏடுகள் உள்ளன.